தளம் போட்ட வீட்டுக்கு மட்டும் உதிக்கும் சூரியன்

2024 ஜனவரி 22. அயோத்தியில் பிராண பிரதிஷ்டை முடிந்து டெல்லி திரும்பிய பிரதமர், திரும்பியதும் எடுத்த முதல் முடிவு இதுதான் என்று அன்றைக்கே அறிவித்தார்: ஒரு கோடி வீட்டுக் கூரைகளில் சோலார். சூரிய வம்சத்து ராமருக்குக் கோயில் எழுப்பியாயிற்று, மிச்சம் சூரியனுக்கு மானியம் கொடுப்பதுதானே. அடுத்த மாதமே திட்டத்துக்குப் பெயர் மாறி ‘பி.எம். சூர்ய கர்’ ஆயிற்று. ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். கல்யாண வீட்டில் மொய் எழுதும்போது நூறோடு ஒரு ரூபாய் சேர்ப்போமே, அந்த மாதிரி 75,000 கோடியோடு 21 கோடி சேர்த்து மங்களகரமாக எழுதியிருக்கிறார்கள். மாதம் 300 யூனிட் வரை மின்சாரம் இலவசம் என்பது தலைப்புச் செய்தி.

இலவசமா? இலவசங்கள் நாட்டைக் கெடுக்கும், இந்த ‘ரேவ்டி’ கலாசாரம் ஆபத்தானது என்று 2022 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில் மேடையேறி எச்சரித்தவரும் இதே பிரதமர்தான். ரேவ்டி என்றால் அந்தப் பக்கத்து எள்ளுமிட்டாய். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட்டை வீடு வித்தியாசம் பார்க்காமல் எல்லோருக்கும் கொடுத்தால் அது எள்ளுமிட்டாய். மொட்டைமாடி வைத்திருப்பவருக்கு 78,000 ரூபாயை வங்கிக் கணக்கில் போட்டால் அது பசுமை எரிசக்தி. வாங்குகிறவர் யார் என்பதைப் பொறுத்து மிட்டாய் மருந்தாகிவிடுகிறது.

எங்கள் காரைக்கால் கோவில்பத்துக்குச் சூரியன் புதியவர் அல்ல. இங்கிருக்கும் பார்வதீஸ்வரர் கோயில்தான் சம்பந்தர் பாடிய திருத்தெளிச்சேரி. சூரியன் வந்து வழிபட்ட தலம் என்பார்கள். பங்குனியில் சில நாள் கதிர் நேரே மூலவர்மேல் விழும். அதற்கு அவர் இணையதளத்தில் பதிவு செய்ததில்லை, மின் இணைப்பு எண் கொடுத்ததில்லை, ‘சாத்தியக்கூறு அறிக்கை’ வரட்டும் என்று கோபுர வாசலில் காத்துக் கிடந்ததும் இல்லை. மேற்கே ஐந்தாறு கிலோமீட்டர் போனால் திருநள்ளாறு. அங்கே இருப்பவர் சூரியனின் பிள்ளை சனீஸ்வரர். அப்பன் மானியம் தருகிறான், மகன் தவணையாக வசூலிக்கிறான். ஏழரைச் சனியாவது ஏழரை ஆண்டில் ஆளை விட்டுவிடும். சோலாருக்கு வங்கியில் வாங்கும் கடன் பத்தாண்டு வரை கூடவே வரும். எள் தீபம் ஏற்றினாலும் இ.எம்.ஐ. குறையாது.

காரைக்காலைச் சுற்றிக் கொஞ்சம் பாருங்கள். பூமிக்கு அடியில் எண்ணெயும் எரிவாயுவும். அதை எடுக்கும் ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகை அலுவலகம் நிரவியில். டி.ஆர். பட்டினத்தில் 2000ஆம் ஆண்டிலிருந்து எரிவாயுவில் ஓடும் 32.5 மெகாவாட் மின்நிலையம், அதுவும் புதுச்சேரி அரசின் சொந்த நிறுவனம். தெற்கு எல்லையில் வாஞ்சூர் பக்கம் துறைமுகம், கப்பல் கப்பலாக நிலக்கரி இறங்குகிறது. தலைக்கு மேல் மண்டையைப் பிளக்கும் வெயில். எண்ணெய், எரிவாயு, நிலக்கரி, சூரியன் நான்கையும் வாசலிலேயே வைத்திருக்கும் ஊர் இந்தியாவில் எத்தனை இருக்கும்? அந்த ஊர்க்காரன்தான் மாதா மாதம் கரண்ட் பில்லைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறான்.

துறைமுகத்தை ஒட்டிய வாஞ்சூர், நாகூர் மக்கள் நிலக்கரித் தூசு பற்றிப் பல வருஷமாகப் புகார் கொடுக்கிறார்கள், தெருவில் இறங்கியும் பார்த்துவிட்டார்கள். அங்கே ஒருவர் சோலார் போடுகிறார் என்று வையுங்கள். நிலக்கரியை ஒழிக்க வந்த தகட்டின்மேல் நிலக்கரியே வந்து சொகுசாக உட்காரும். கழுவலாம் என்று போரைப் போட்டால் வருவது உப்புத் தண்ணீர்; காய்ந்ததும் தகடெங்கும் வெள்ளைத் திட்டு. கறுப்புக்கு மேல் வெள்ளை. இதற்குப் பெயர் பசுமை.

கணக்குக்கு வருகிறேன். ஒரு கிலோவாட் சோலாருக்கு நிழல் விழாத நூறு சதுர அடி வேண்டும். நாளொன்றுக்குச் சராசரியாக நாலு யூனிட் வரும், மாதத்துக்கு 120 என்று வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகையில் அதுவும் படுத்துவிடும். மானியம் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, ஆக மொத்தம் 78,000. அதற்குமேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அவ்வளவுதான். முதல் கிலோவாட்டின் அடக்க விலை 50,000, அதில் 60 சதவீதம் தருகிறோம் என்பது அரசின் கணக்கு. சந்தையில் கேட்டுப் பாருங்கள்: கிலோவாட்டுக்கு 60,000இலிருந்து 70,000 வரை சொல்கிறார்கள். அரசு சொல்லும் விலைக்குத் தகடு கிடைக்கும் கடை டெல்லியில் இருக்கலாம், காரைக்கால் பாரதியார் வீதியில் இல்லை.

இடையிலுள்ள விலை எங்கே போகிறது என்றால், மானியம் வேண்டுமென்றால் உள்நாட்டில் செய்த செல்களைக் கொண்ட தகடுதான் போட வேண்டும், அது விலை கூடுதல். வெளிநாட்டுத் தகடு மலிவாயிற்றே என்றால், 2022 ஏப்ரலில் அதற்கு 40 சதவீதம் சுங்க வரி போட்டார்கள். ஜி.எஸ்.டி.யை 2021 அக்டோபரில் 5 சதவீதத்திலிருந்து 12க்கு ஏற்றினார்கள். நாலு வருஷம் வசூலித்துவிட்டு 2025 செப்டம்பரில் பழைய 5க்கே இறக்கி, அதைத் தீபாவளிப் பரிசு என்று விற்றார்கள். நம் சட்டைப்பையிலிருந்து எடுத்ததை நமக்கே திருப்பிக் கொடுத்து வணக்கம் போடச் சொல்வது ஒரு தனித் திறமை. ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்து, காரைக்காலும் சேர்ந்த புதுச்சேரியின் மின்கட்டணம். 2024 ஜூன் 16 முதல் வந்த உத்தரவுப்படி வீடுகளுக்கு முதல் நூறு யூனிட் தலா 2 ரூபாய் 70 காசு, அடுத்த நூறு 4 ரூபாய், அதற்கடுத்த நூறு 6 ரூபாய், 300க்கு மேல் 7 ரூபாய் 50 காசு என்று இருந்தது. நிலைக் கட்டணம், புதுச்சேரி அரசு இடையில் கொடுக்கும் சில்லறைச் சலுகை எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, அந்த உத்தரவு விலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு ஏ.சி., ஒரு வாட்டர் ஹீட்டர், பெரிய ஃபிரிட்ஜ் ஓடும் வீடு மாதம் 500 யூனிட் எரிக்கிறது. பில் 2,770 ரூபாய். மூன்று கிலோவாட் போட்டால் அதில் 360 யூனிட் குறையும். குறைவது அத்தனையும் மேல்படியிலிருந்து, அதாவது ஏழரை ரூபாய் யூனிட்டும் ஆறு ரூபாய் யூனிட்டும் முதலில் கழியும். மிச்சப் பில் 430 ரூபாய். மாதம் 2,340 லாபம். கிலோவாட் 65,000 என்று வைத்தால் 1,95,000 செலவில் மானியம் போக 1,17,000. நாலு வருஷம் சொச்சத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். தகட்டின் ஆயுள் 25 வருஷம். மீதி இருபது வருஷம் கொண்டாட்டம்.

மாதம் நூறு யூனிட் எரிக்கும் வீட்டின் பில் 270 ரூபாய். ஒரு கிலோவாட் போட்டால் மானியம் போகக் கைக்காசு 35,000. வருஷத்துக்கு மிச்சம் 3,240. போட்ட காசு திரும்பப் பதினோரு வருஷம் ஆகும், அதற்குள் இன்வெர்ட்டர் ஒரு முறையாவது வாயைப் பிளக்கும். 35,000 ரூபாயைக் கடன் வாங்கினால் வட்டியோடு சேர்த்து இன்னும் தள்ளிப்போகும். இதை எந்த அறிவுள்ள குடும்பத் தலைவியும் செய்யமாட்டாள். பேசாமல் 270 ரூபாயைக் கட்டிவிட்டுப் போவாள்.

ஏ.சி. வீட்டுக்கு அரசு கொடுக்கும் 78,000 ரூபாயை, அந்த நூறு யூனிட் வீட்டின் 270 ரூபாய் பில்லால் வகுத்துப் பாருங்கள். 288 மாதம். 24 வருஷம். ஒரு ஏ.சி. வீட்டின் மொட்டைமாடிக்குப் போகும் மானியத்தில் ஒரு ஏழை வீட்டுக்கு 24 வருஷம் கரண்ட் பில்லே இல்லாமல் செய்திருக்கலாம், அதுவும் ஒரு தகடுகூட வாங்காமல். எங்கள் யூனியன் பிரதேசத்தின் கட்டணப் பட்டியலில் ‘ஒரு குடிசைக்கு ஒரு விளக்கு’ என்று ஒரு பிரிவே உண்டு. குடிசைக்கு ஒரு பல்பு, மாடிக்கு 78,000. சமூக நீதி பிரகாசமாகத்தான் எரிகிறது.

கோவில்பத்தில் ஒரு மொட்டைமாடியில் நான் நின்றிருந்த ஒரு மத்தியானம். வீட்டுக்காரர் சொல்தா குடும்பம். அப்பாவுக்கு பிரெஞ்சு ராணுவப் பென்ஷன், அது யூரோவில் வந்த காலத்திலேயே வீடு இரண்டு தளமாகிவிட்டது. சோலார் கம்பெனித் தம்பி டேப் வைத்து அளந்துகொண்டிருந்தான். ஜி.ஐ. சட்டம் நிற்க வேண்டிய இடத்தைச் சாக்பீஸால் குறித்தான், தண்ணீர் டேங்கின் நிழல் மூன்று மணிக்கு எங்கே விழும் என்று கைபேசியில் பார்த்தான். அருமையான தொழில்காரன், குறை சொல்ல ஒன்றுமில்லை.

“மூணு கிலோவாட் போட்டுடலாண்ணே. மானியம் எழுவத்தெட்டு உங்க அக்கவுண்டுக்கே வந்துடும். மிச்சத்துக்கு லோன் வாங்கிடலாம், ஷ்யூரிட்டி கேக்கமாட்டாங்க.”

பக்கத்துக் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தார். அவருடையது சீட்டு வீடு. ஆஸ்பெஸ்டாஸ் சீட்டின்மேல் காற்றுக்குப் பறக்காமலிருக்க இரண்டு பழைய டயர், ஒரு உடைந்த அம்மிக்கல்.

“தம்பி, எங்க வீட்டுக்கெல்லாம் போட முடியாதா?”

“சீட்டு தாங்காதுக்கா. தளம் போட்ட வீடா இருக்கணும். தனியா இரும்புக் கால் நட்டுத் தூக்கலாம், ஆனா அந்தச் செலவுக்குன்னு மானியம் வராது.”

“வெயில் என்னமோ மாடி வீட்டவிட எங்க சீட்டுலதான் தம்பி அதிகமா இறங்குது.”

தம்பி சிரித்தான். மாடிக்காரரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் டேப் மறுபடி நீண்டது. அந்தப் பெண் சொன்னதைவிடத் துல்லியமான எரிசக்திக் கொள்கை அறிக்கையை நான் படித்ததில்லை. சித்திரை வெயிலில் அந்தச் சீட்டுக்குக் கீழே மத்தியானம் இருக்கும் சூட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கோப்பு பார்க்கச் சொன்னால், நம் அதிகாரிகளில் எத்தனை பேர் எழுந்து நடந்து வெளியே வருவார்கள்? வாடகை வீட்டில் இருப்பவருக்கும் இதே கதிதான். கூரை சொந்தமாக இருக்க வேண்டும், மின் இணைப்பு சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். சூரியன் பட்டா பார்த்து உதிக்கிறார்.

மாடிக்காரரும் ரொம்பக் குதிக்க வேண்டாம். விற்கவரும் தம்பிகள் மெல்லிய குரலில் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. மானியத்துக்காகப் பெரும்பாலோர் போடும் ஆன்-கிரிட் சோலாரில் பேட்டரி கிடையாது. வெளியே லைனில் கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தானே அணைந்துவிடும். கம்பத்தில் ஏறி வேலைபார்க்கும் ஆளுக்கு உங்கள் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. நியாயமானதுதான், உயிர் சம்பந்தப்பட்டது. ஆனால் இதன் பொருள் என்னவென்றால், வெயில் கொளுத்தும் நண்பகலில் கரண்ட் போனால், இரண்டு லட்சம் ரூபாய்த் தகட்டுக்கு நேர் கீழே நீங்கள் விசிறிமட்டையோடு உட்கார்ந்திருப்பீர்கள். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரையேறியபோது டெல்டாவில் லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. புயலடிக்கும் இந்தக் கரைக்கு வேண்டியது லைன் போனாலும் ஒரு விளக்கும் ஒரு விசிறியும் ஓட வைக்கும் ஏற்பாடு. டெல்லி கொடுப்பது லைன் இருந்தால் மட்டும் ஓடும் ஏற்பாடு. பேட்டரி வைத்துக்கொள்ளலாம், யார் தடுத்தார்கள். அது உங்கள் செலவு.

இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது? இங்கேதான் எங்கள் ஊரின் விசேஷம். நாலு பக்கமும் தமிழ்நாட்டு மாவட்டமும் கடலும், நடுவில் நாங்கள். வரப்பைத் தாண்டினால் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், நூறு யூனிட் இலவசம். வரப்புக்கு இந்தப் பக்கம் மாதா மாதம் பில், முதல் யூனிட்டிலிருந்தே காசு. மீட்டர் புதுச்சேரி மின்துறையுடையது. தலைமை 130 கிலோமீட்டர் வாக்கில் வடக்கே. கட்டணத்தை முடிவு செய்வது கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் பொதுவான ஒழுங்குமுறை ஆணையம். அது உட்கார்ந்திருப்பது அரியானாவின் குருகிராமில். திட்டம் டெல்லியுடையது. வெயில் மட்டும் கோவில்பத்துடையது. கட்டணம் ஏன் ஏறியது என்று கேட்டால் அரசு ஆணையத்தைக் காட்டும். ஆணையம், மின்துறை கொடுத்த கணக்கைக் காட்டும். மின்துறை மீட்டரைக் காட்டும். மீட்டர் நம்மைக் காட்டும். 2024 செப்டம்பர் 18 அன்று இந்தக் கட்டண உயர்வை எதிர்த்துப் புதுச்சேரியில் பந்த் நடந்தது. கடை மூடியது, பஸ் நின்றது. குருகிராமில் அன்றைக்கும் டீ நேரத்துக்கு வந்திருக்கும்.

அந்த மின்துறையையாவது விட்டுவைத்தார்களா? 2020 மே மாதம், ஊர் முழுக்க ஊரடங்கில் கிடந்தபோது, யூனியன் பிரதேசங்களின் மின்விநியோகத்தைத் தனியாருக்குக் கொடுக்கப் போகிறோம் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தொலைக்காட்சியில் அறிவித்தார். கொரோனா நிவாரணத் தொகுப்பின் ஒரு பகுதி அது. நோயாளிக்குக் கஞ்சி கேட்டால் வீட்டை விற்றுத் தருகிறேன் என்பது மாதிரி ஒரு நிவாரணம். 2022இல் டெண்டர் விட்டார்கள், ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். விற்கப் போகும் துறையிடம் கூரைக்குக் கூரை நெட் மீட்டர் வைத்துத் தரும் பொறுப்பையும் கொடுத்திருக்கிறார்கள். நாளைக்கு வாங்குகிறவர், பகலில் உங்களிடம் மின்சாரம் வாங்கி இரவில் திருப்பித் தரும் இந்தக் கைமாற்றைத் தர்மத்துக்குச் செய்வாரா? ஏ.சி. வீடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டபின் குறைகிற வருமானத்தை எங்கே ஏற்றுவார்? நிலைக் கட்டணம் என்று ஒரு வரி பில்லில் இருக்கிறதே, அது சீட்டு வீட்டுப் பில்லிலும்தான் இருக்கிறது.

இலக்குகளைப் பற்றி வேறு சொல்ல வேண்டும். 2022க்குள் கூரைச் சோலார் 40 கிகாவாட் என்று முன்பு ஒரு சபதம் எடுத்தார்கள். 2022 வந்தது, போயிற்று, பாதிகூடத் தேறவில்லை. சபதத்தை 2026க்குத் தள்ளிவைத்தார்கள். இப்போதைய ஒரு கோடி வீடு என்பது 2027 மார்ச்சுக்குள். 2025 மார்ச்சில் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டோம் என்று கொண்டாடினார்கள். பத்தில் ஒன்றுக்கு இவ்வளவு பட்டாசு என்றால் மிச்சம் ஒன்பதுக்குச் சிவகாசி போதாது.

சீட்டு வீட்டுக்குச் சூரியனைக் கொடுக்க முடியாது என்பது பொய். தகடு அவர்கள் தலைக்கு மேலேயே இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பள்ளிக்கூட மாடியிலோ ஆஸ்பத்திரி மாடியிலோ பொதுவாக ஒன்றைப் போட்டு, அதில் வரும் யூனிட்டைச் சுற்றியுள்ள நூறு குடிசைகளின் பில்லில் பங்கிட்டுக் கழிக்கலாம். டெல்லியில் 2019லேயே இதற்கு விதிமுறை எழுதிவிட்டார்கள். காரைக்காலில் அரசுக் கட்டடங்களுக்கு மாடி இல்லையா? இருக்கிறது, அதில் உடைந்த நாற்காலியும் போன தேர்தலின் தட்டிகளும் வெயில் காய்கின்றன. குடிசைக்காரருக்கு 78,000 வேண்டாம், மாதம் நூறு யூனிட் போதும். ஒரே ஒரு கிலோவாட்டில் அது அடங்கிவிடும். மொத்தமாகப் போட்டால் அடக்க விலையும் இறங்கும். இதைச் செய்யாமல் இருப்பதற்குப் பணமில்லை என்பது காரணமாக இருக்க முடியாது. ஒதுக்கியதுதான் 75,021 கோடி ஆயிற்றே. அந்தக் கடைசி 21 கோடியை மட்டும் கொடுங்கள், டெல்லி ஐயாமார்களே, எங்கள் பக்கத்துச் சீட்டு வீடுகளுக்கு வேண்டியதைப் போட்டுக் காட்டுகிறோம்.

கொடுக்கமாட்டார்கள். அதற்குப் பதில் போட்டி வைத்திருக்கிறார்கள். மாவட்டத்துக்கு ஒரு ‘மாதிரி சூரிய கிராமம்’, ஜெயிக்கும் ஊருக்கு ஒரு கோடி ரூபாய், இதற்கென்று தனியே 800 கோடி. எந்த ஊர் அதிகக் கிலோவாட் நிறுவியிருக்கிறதோ அந்த ஊருக்குப் பரிசு. அதாவது தளம் போட்ட வீடு அதிகமுள்ள ஊருக்கு. ஏற்கெனவே கூரை உள்ளவனுக்கு மானியம், கூரை நிறைய உள்ள ஊருக்குப் பரிசு. எத்தனை வீட்டில் பில் குறைந்தது, எத்தனை சீட்டு வீட்டில் ஃபேன் சுற்றியது என்பதற்கு மதிப்பெண் கிடையாது.